இரண்டாவது மாத்திரை

முன்னால் போகிற லாரியின் பின்பலகையில் எழுத்துக் குறைகிறது. ஒலி எழுப்பவும் என்று இருக்க வேண்டிய இடத்தில் எழுப்பவும் மட்டும்தான் இருக்கிறது. பெயின்ட் உதிர்ந்திருக்கும், எழுப்பவும் என்றால் யாரை எழுப்ப, தூங்குகிறவர்களையா என்று உள்ளுக்குள் சிரிப்புக்கூட வருகிறது, கண்ணைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினால் ஒலி வந்துவிடுகிறது, ஆனால் இப்போது லாரியின் இடது டயரைக் காணோம். சிரிப்பு நின்றுபோகிறது. பக்கத்தில் சம்பூர்ணம் அக்கா ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மூணாவது போடட்டுங்களா டீச்சர்" என்கிறார். "வேண்டாங்கக்கா, ரெண்டுலயே போங்க." என் குரல் சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஐம்பத்தேழு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவருக்கு நான் டீச்சர், என் காலடியில் தனியாக ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் இருக்கின்றன, இடது ஜன்னல் என் பக்கம், இடப்பக்கமிருந்து வருகிற சைக்கிளையும் நாயையும் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடுகிறவர்களையும் பார்க்க வேண்டியது என் வேலை, அந்த இடப்பக்கம்தான் மெதுவாகக் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. இருட்டாக இருந்தாலாவது இருட்டு என்று தெரியும். இது இருட்டுமில்லை, முதுகுக்குப் பின்னால் என்ன தெரியுமோ அதுதான் தெரிகிறது, அதன் ஓரத்தில் மட்டும் பல் பல்லாக ஒரு வெளிச்சம் துடிக்கிறது, வெல்டிங் பட்டறையை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பினால் இருக்குமே, அப்படி. ஒன்றும் சொல்லாமல் ஒண்டிப்புதூர் வரை போய்த் திரும்பிவிடலாம், அவர் இன்றைக்கு நன்றாகத்தான் ஓட்டுகிறார், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற தண்டபாணி அண்ணனுக்கும் தெரிய வேண்டியதில்லை, போன மாதமே "இப்படி லீவு போட்டீங்கன்னா லேடீஸ் கிளாஸை நான் யாரை வெச்சு நடத்தறதுங்க" என்று கேட்டார், கோபமாகக்கூடக் கேட்கவில்லை, என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு மொபெட் முளைக்கிறது. பின்சீட்டில் இரண்டு பால்கேன், ஓட்டுகிறவரின் சட்டை, அவர் காது, எல்லாம் ஒரே நொடியில் பானெட்டுக்கு ஒட்டினாற்போல. என் கால் பிரேக்கில் இருக்கிறது. நான் மிதித்தேனா, கால் தானாக மிதித்ததா, தெரியவில்லை. கார் குலுங்கி நிற்கிறது. மொபெட்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறார். "நான் பார்க்கவே இல்லீங்க டீச்சர்" என்கிறார் சம்பூர்ணம் அக்கா. நானும் பார்க்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "அந்த மரத்தடியில ஓரமா நிறுத்துங்கக்கா. சாவியை எடுத்துடுங்க."

தூங்குமூஞ்சி மரம். நிழல் பெரிதாக இருக்கிறது, அதுவரைக்கும் நல்லது. சம்பூர்ணம் அக்கா தன் தப்பு என்றே நினைத்துக்கொண்டு சாவியை மடியில் வைத்திருக்கிறார், அவர் முகத்தைப் பார்க்கிறேன், பாதி முகத்தில் மூக்குத்தி இருக்கிறது, மறுபாதியில் ஜன்னல் இருக்கிறது. சொல்லியாக வேண்டும். "உங்க மேல தப்பில்லைங்க. எனக்குத்தான் கண்ணு ஒரு பக்கம் மறைக்குது. ஒற்றைத் தலைவலி வர்றதுக்கு முன்னாடி இப்படி ஆகும். அரை மணி நேரத்துல கண்ணு சரியாயிரும், அப்புறம் வலி வரும்." அவர் என்னை உற்றுப் பார்க்கிறார். "வாயி கோணலை. கையைத் தூக்குங்க பார்க்கலாம், ரெண்டு கையும்." தூக்குகிறேன். "பேரு சொல்லுங்க." "கோகிலவாணி." "சரி, அது இல்லை" என்று மூச்சு விடுகிறார். அது என்றால் அவருடைய வீட்டுக்காரருக்கு வந்த வாதம். முதல் நாள் கிளாஸிலேயே சொல்லிவிட்டார், மில்லில் பிட்டராக இருந்தவர், காபி டம்ளரைக் கீழே வைக்கப் போனவர் வைக்காமலே விட்டுவிட்டாராம், அன்றைக்கு விழுந்த வலது கைக்கும் காலுக்கும் இன்னும் உயிர் வரவில்லை, பேச்சும் போய்விட்டது, கார் மட்டும் ஷெட்டில் நிற்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போக ஒவ்வொரு தடவையும் யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கிறது, அதனால்தான் கற்றுக்கொள்ள வந்தாராம். "தைலம் இருக்குதுங்க, தேய்க்கட்டுங்களா. காபி வாங்கியாரட்டுங்களா." வேண்டாம் என்று தலையை ஆட்டக்கூட பயமாக இருக்கிறது, ஆட்டினால் எழுந்துவிடும். இன்னும் எழவில்லை. பல் பல்லான வெளிச்சம் மட்டும் வளைந்து வளைந்து பெரிதாகிறது, கண்ணை மூடினாலும் இருக்கிறது, அப்படியென்றால் அது கண்ணில் இல்லை, எனக்குள்ளே எங்கோ இருக்கிறது, என்னுடையது, ஆனால் என் பேச்சைக் கேட்காதது.

இதற்கு எத்தனை வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன். மெடிக்கலில் போய்த் தலைவலிக்கு என்றால் இரண்டு கொடுப்பார்கள், பிறகு கேட்காமலே கொடுத்தார்கள், பிறகு வலி வருமோ என்ற பயத்திலேயே காலையில் பல் தேய்த்ததும் ஒன்று, வேலைக்குக் கிளம்பும்போது ஒன்று, கடைசியில் தலைவலி இல்லாத நாளே இல்லை என்று ஆனபோதுதான் டாக்டர் மெஹருன்னிசாவிடம் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கோகிலவாணி, உங்களுக்கு ரெண்டு தலைவலி இருக்கு. ஒண்ணு உங்களோடது. இன்னொண்ணு இந்த மாத்திரைங்க கொண்டாந்தது" என்றார். மாத்திரை தலைவலியைக் கொண்டுவருமா என்று கேட்டேன். வலி மாத்திரையை அடிக்கடி போட்டால் மூளை அதற்குப் பழகி, அது இல்லாதபோது வலியை எழுப்பும் என்றார். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். நிறுத்திய முதல் வாரம் நான் மனுஷியாகவே இல்லை, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டே தூங்கினேன், அதற்கப்புறம் அது விலகி, பழையது மட்டும் எப்போதாவது வருவதாக ஆயிற்று. அதற்குத்தான் இந்தப் புது மாத்திரை. நாலு மாத்திரை உள்ள சின்ன அட்டை. வெளிச்சம் தெரியும்போது போட வேண்டாம், வலி ஆரம்பித்ததும் போடு, உச்சிக்குப் போகட்டும் என்று காத்திருக்காதே, வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கூடாது, போட்டுவிட்டு வண்டி எடுக்காதே, தூக்கம் வரலாம். எல்லாம் மனப்பாடம். அட்டை இரண்டு மாதமாகக் கைப்பையில் இருக்கிறது, நடுவில் நாலு தடவை வலி வந்து நாலு தடவையும் இருட்டறையில் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தேன், அட்டையைக் கையில் எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். அந்தத் துண்டுச்சீட்டைப் படித்திருக்கக் கூடாது. மடித்து மடித்து உள்ளே செருகியிருந்த தாளில் பொடி எழுத்தில் எத்தனையோ போட்டிருந்தது, என் கண் ஒரே ஒரு வரியில் நின்றுவிட்டது, தொண்டையிலும் மார்பிலும் இறுக்கம்.

சோமனூரில் அப்பா தறி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆறு தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது, வாயசைவைப் பார்த்துத்தான் பதில் சொல்வோம். நான் பதினொன்றாவது படித்தேன், சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய் நின்றேன், அப்பா ஒரு தறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், கழுத்தில் கையை வைத்துக்கொண்டு சொன்னார், எனக்கு வாயசைவு புரிந்தது. தொண்டையில என்னமோ அடைக்குது. தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். திரும்பி வருவதற்குள் மற்ற ஐந்து தறியும் ஓடிக்கொண்டிருந்தன, அப்பா கீழே இருந்தார். மாரடைப்பு. போகும்போது நாற்பத்து நாலு வயது. எனக்கு இப்போது நாற்பத்தொன்று. இதையும் டாக்டரிடம் சொன்னேன், அதனால்தான் அவர் ஈ.சி.ஜி. எடுத்தார், ரத்தக் கொதிப்பு பார்த்தார், சர்க்கரை, கொழுப்பு, ஓடுகிற பெல்ட்டில் நடக்கவிட்டுக்கூடப் பார்த்தார், "உங்க இதயத்துல ஒரு குறையும் இல்லை. இருந்திருந்தா இந்த மாத்திரையை எழுதியே இருக்க மாட்டேன். தொண்டை இறுக்கறாப்பல வந்தா பயப்படாதீங்க, கொஞ்ச நேரத்துல போயிரும். போகாம மார்ல அழுத்திக் கைக்கு இறங்குனா உடனே வாங்க" என்றார். நம்பினேன். அந்த அறையில் உட்கார்ந்திருந்தவரை நம்பினேன். படியிறங்கி ரோட்டுக்கு வந்ததும் தறிச்சத்தம் கேட்டது.

வெளிச்சம் ஓரத்துக்குப் போய் உதிர்ந்துவிட்டது. சம்பூர்ணம் அக்காவின் முகம் முழுதாக இருக்கிறது, மரத்தின் இலைகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன, இந்த ஒரு சில நிமிஷம்தான் எப்போதும் என்னை ஏமாற்றும், இவ்வளவுதான் போலிருக்கிறது என்று. இல்லை. இதோ. வலது நெற்றிப்பொட்டில் யாரோ விரலை வைக்கிறார்கள். விரல்தான் இப்போதைக்கு. விரல் கட்டைவிரலாகும், பிறகு கண்ணுக்குப் பின்னால் போய் உட்காரும், பிறகு ரோட்டில் போகிற ஒவ்வொரு ஹாரனும் உள்ளே வந்து போகும். அட்டையை எடுத்து மடியில் வைக்கிறேன். "அதுங்களா மருந்து" என்கிறார் அக்கா. "ஆமாங்க. இன்னும் ஒரு தடவைகூடப் போட்டதில்லை." "போட்டா என்னங்க ஆகும்?" "தொண்டையை இறுக்கும்னு போட்டிருக்குதுங்க." "போடலீன்னா?" போடாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், நாளை மறுநாள் வரைக்கும் தெரியும், அந்த அறை, அந்த வாளி, கதவுக்கு வெளியே மகள் செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பாள். தெரிந்த நரகம், அதனால் பயமில்லை. தெரியாத ஒரு சின்ன மாத்திரைக்குப் பயம். இதுவரை தனியாக இருக்கும்போதுதான் இதைக் கையில் எடுத்திருக்கிறேன் என்பது இப்போதுதான் தோன்றுகிறது. அப்பா விழுந்தபோதுகூட நான் இருந்தேன், எனக்கு யாரும் இருக்க மாட்டார்கள் என்பதுதானா இத்தனை நாள் பயம். "அக்கா, எனக்கு ஒருவேளை ஏதாவது ஆச்சுன்னா நூத்தியெட்டுக்குப் போன் பண்ணத் தெரியுங்களா?" அவர் என் பக்கம் முழுதாகத் திரும்புகிறார். "அவருக்குப் பண்ணுனது நான்தானுங்களே" என்கிறார்.

முழுங்கிவிட்டேன். தண்ணீர் சூடாக இருந்தது. அட்டையை டேஷ்போர்டில் போட்டுவிட்டு, சீட்டைச் சாய்த்து, துப்பட்டாவைக் கண்மேல் இரண்டாக மடித்துப் போட்டுக்கொள்கிறேன். துப்பட்டாவுக்குள் பச்சையாக இருக்கிறது. வலி கண்ணுக்குப் பின்னால் போகிறது, சொன்னபடி போகிறது, மாத்திரை எங்கே இருக்கும் இப்போது, வயிற்றில் கரைந்துகொண்டிருக்கும், அதற்கு எப்படித் தெரியும் தலை எங்கே இருக்கிறது என்று. நினைக்காமல் இருக்கலாம். ஒரு பஸ் போகிறது. இன்னொரு பஸ். வாயைத் திறந்து மெதுவாக மூச்சு விடுகிறேன், அப்போது வருகிறது. முதலில் பிடரியில் ஒரு கதகதப்பு, பிறகு தாடைக்குக் கீழே, இரண்டு பக்கமும், சட்டைக் காலர் பட்டனை யாரோ போட்டுவிட்ட மாதிரி. பிறகு இன்னும் ஒரு பட்டன். தொண்டை. என் கை கழுத்துக்குப் போகிறது, போன கையை நான் பார்க்கிறேன், துப்பட்டாவுக்குள்ளிருந்தே பார்க்கிறேன், அது அப்பாவின் கை போன மாதிரியே போகிறது. தறி ஓடுகிறது. ஆறு தறியும் ஓடுகிறது. சொல்லலாமா, அக்கா போன் பண்ணுங்க என்று சொல்லலாமா, சொன்னால் அவர் பண்ணிவிடுவார். மார்பில் அழுத்துகிறதா. கேள், நிதானமாகக் கேள், அழுத்துகிறதா. இல்லை. கைக்கு இறங்குகிறதா. இல்லை. எச்சில் முழுங்க முடிகிறதா. முழுங்குகிறேன், முடிகிறது. மறுபடி முழுங்குகிறேன். இறுக்கமாக இருக்கிறது, ஆனால் எச்சில் போகிறது. மூச்சும் போகிறது. அப்பாவுக்கு வந்தது இதயத்தில் வந்தது, தொண்டையில் தெரிந்தது. எனக்கு வந்திருப்பது தொண்டையில்தான் வந்திருக்கிறது. டாக்டர் இந்த இரண்டையும் வேறு வேறாகத்தான் சொன்னார், நான்தான் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தேன், இத்தனை நாளும். எங்கோ தூரத்தில் போல சம்பூர்ணம் அக்காவின் குரல், வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்கிற பெண்ணிடம் போனில் மெதுவாகப் பேசுகிறார். "அவரு காதுல வெய்யி. ஏனுங்க, டீச்சருக்குத் தலைவலிங்க, நெழல்ல நிறுத்தியிருக்கறோம், வர லேட்டாகும், பயந்துக்காதீங்க. அவ கஞ்சி குடுத்தா குடிச்சிருங்க." அந்தப் பக்கம் பேச்சு இல்லை, அவருக்குப் பேச்சு இல்லை, ஆனாலும் அக்கா கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருப்பது தெரிகிறது. ஒரு பட்டன் கழன்றுவிட்டது. எப்போது கழன்றது என்று தெரியவில்லை. இன்னொன்று இருக்கிறது, இருக்கட்டும்.

தூங்கினேனா, இல்லை தூக்கத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேனா. வலி இருந்த இடத்தைத் தேடுகிறேன், நாக்கு பிடுங்கிய பல்லைத் தேடுகிற மாதிரி, அங்கே ஒரு மந்தம் இருக்கிறது, வலி இல்லை. இல்லை என்பதை நம்ப முடியாமல் துப்பட்டாவை எடுக்கிறேன், வெயில் வெயிலாக மட்டும் இருக்கிறது. "குறைஞ்சுருச்சுங்களா?" "போயிருச்சுங்கக்கா. கொஞ்சம் பஞ்சு மாதிரி இருக்குது, அவ்வளவுதான்." "இத்தனை சீக்கிரமாவா" என்கிறார், சொல்லிவிட்டு ரோட்டைப் பார்க்கிறார். நாலு தடவை, நாலு தடவையும் வீணாக, என்று எனக்குள் ஏதோ அழப் பார்க்கிறது, அழுதால் மறுபடி தலை வலிக்கும் என்று அட்டையை எடுத்துப் பையில் வைக்கப் போகிறேன். ஓரம் கிழிந்திருக்கிறது. நான் ஒன்றுதான் போட்டேன். இரண்டுதான் இருக்கிறது. கீழே பார்க்கிறேன், சீட்டுக்கு அடியில் பார்க்கிறேன், பிறகு பார்ப்பதை நிறுத்திவிடுகிறேன், ஏனென்றால் சம்பூர்ணம் அக்கா இன்னும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், ரோட்டில் ஒன்றும் இல்லை. "அக்கா, இதுல மூணு இருக்கணுமுங்க." முந்தானையை இழுத்து மூடிக்கொள்கிறார். "யாருக்குங்கக்கா?" முந்தானையை இழுத்து மூடிக்கொள்கிறார். "அவருக்குத்தானுங்க" என்கிறார். "தலையைப் புடிச்சுட்டு உக்காந்துக்கறாருங்க. ஆஸ்பத்திரியில சொன்னா சாதா மாத்திரைதான் குடுக்கறாங்க, அதுல அடங்கறதில்லை. எங்க வலிக்குது எப்படி வலிக்குதுன்னு அவங்க கேப்பாங்க, இவருக்குச் சொல்ல வராது, நேரமாச்சுன்னு அனுப்பிருவாங்க. உங்களைப் பார்த்துட்டே இருந்தேன் டீச்சர். கண்ணு முன்னாலயே மூஞ்சி தெளிஞ்சுது. ஒண்ணே ஒண்ணுதானேன்னு." "கேட்டிருக்கலாமேங்கக்கா." "கேட்டா வேண்டாம்பீங்க." வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். என்னென்ன விழுங்கியிருக்கிறேன் நான், பக்கத்து வீட்டு மாத்திரை, அம்மாவின் மூட்டுவலி மாத்திரை, பேர் தெரியாத மஞ்சள் மாத்திரை, வலிக்கும்போது அது யாருக்கு எழுதினது என்று யார் பார்த்தார்கள். "அக்கா, இது ரத்தக் குழாயைச் சுருக்கற மருந்து. எனக்குச் சுருக்குனா வலி போகுது. அவருக்கு ஏற்கெனவே ஒரு தடவை அடைச்சிருக்குது, அங்க சுருக்குனா மறுபடி அடைச்சுரும். வாதம் வந்தவங்களுக்கு இதைக் குடுக்கவே கூடாதுங்க." "சாதா வலி மாத்திரை மாதிரி இல்லீங்களா?" "இல்லீங்கக்கா." "உசுருக்கே ஆகுமுங்களா?" "ஆகலாமுங்க." அவர் ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு ஒரு சின்னப் பர்ஸை எடுக்கிறார், பர்ஸைத் திறக்கிறார், நான் வேறு பக்கம் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன், பார்க்க முடியவில்லை. வெள்ளித்தாளோடு கிழித்த அந்தத் துண்டை என் உள்ளங்கையில் வைக்கிறார். வெதுவெதுப்பாக இருக்கிறது. "இன்னிக்கு ராத்திரிக் கஞ்சியில கரைச்சுக் குடுத்திருப்பேன்" என்கிறார், என்னிடம் இல்லை, கண்ணாடியைப் பார்த்து. பிறகு, "அப்ப அவருக்கு என்னதான் குடுக்கறது?" எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் சொல்கிறேன்.

டாக்டர் மெஹருன்னிசாவின் கிளினிக்குக்குப் போன் பண்ணினேன், சாயங்காலம் அக்காவின் வீட்டுக்காரரையும் அழைத்துவரலாம் என்றார்கள். தண்டபாணி அண்ணனுக்கும் பண்ணினேன், கண் மறைத்ததையும் மொபெட்டையும் மறைக்காமல் சொன்னேன், "காரை அங்கயே பூட்டி வைங்க, ஆளனுப்பறேன். நாளைக்கு ஆபீஸ்ல பேசிக்கலாமுங்க" என்றார். என்ன பேசுவார் என்று யோசிக்கலாம், யோசிக்க இப்போது தெம்பில்லை. ஆட்டோவில் சம்பூர்ணம் அக்கா என் பையைத் தன் மடியில் வைத்துக்கொள்கிறார், பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு அதை என் மடிக்கே மாற்றி வைக்கிறார். "நான் அப்படியாப்பட்டவ இல்லீங்க" என்கிறார். "தெரியுமுங்கக்கா." வேறு என்ன சொல்வது, அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன், ஸ்டீரிங் பிடித்த வேர்வை இன்னும் காயவில்லை. அவர் வீடு ஒரு சின்னச் சந்துக்குள் இருக்கிறது. கேட்டுக்குப் பக்கத்திலேயே சக்கர நாற்காலியில் அவருடைய வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார், சவரம் பண்ணின முகம், வலது கை மடியில் ஒரு துண்டின் மேல் கிடக்கிறது. ஆட்டோவிலிருந்து மனைவி இறங்குவதைப் பார்க்கிறார், நான் இறங்குவதைப் பார்க்கிறார், பிறகு இடது கையைத் தூக்கித் தன் நெற்றியைத் தொட்டு, அதே விரலால் என்னைக் காட்டி, புருவத்தை உயர்த்துகிறார். தலைவலி என்கிறார் என்று நினைத்து அக்கா அவசரமாக முன்னால் போகிறார். அவர் இல்லை என்று தலையசைத்து மறுபடி என்னைக் காட்டுகிறார். எனக்குப் புரிந்துவிடுகிறது. உங்களுக்குத் தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். "போயிருச்சுங்கண்ணா" என்கிறேன். அவர் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கிறது. நான் கேட்டுக்குள் போய் அவர் முன்னால் குத்த வைத்து உட்காருகிறேன், தலை இன்னும் பஞ்சாகத்தான் இருக்கிறது. "உங்களுக்குங்கண்ணா? எங்க ஆரம்பிக்குது?" அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார், கேள்வி தனக்குத்தானா என்று பார்க்கிற மாதிரி. பிறகு அந்த இடது கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோகிறார், அங்கே நிறுத்துகிறார், மெதுவாக மேலே ஏற்றுகிறார், காதுக்குப் பின்னால் வந்ததும் விரல்களை மடித்து மடித்துத் திறக்கிறார், துடிக்கிறது என்கிறார். அக்கா ஏதோ சொல்ல வருகிறார், நான் கையைக் காட்டி நிறுத்துகிறேன். அவசரமில்லை. சாயங்காலம் ஒரு வார்த்தை விடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும், அந்தக் கை எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.